கேம் ஆடியே ஜப்பானிய எழுத்து: இரண்டரை வருட அனுபவம்

ஜப்பானிய மொழியில் ஒலியைக் குறிக்கும் கானா எழுத்து இரண்டு வரிசை: ஹிராகானா 46, கதகானா 46. அடிப்படை எழுத்து அவ்வளவுதான். 247 எழுத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது 'ஸ்லைம் ஃபாரஸ்ட்' என்ற கேம். கொழகொழவென்று ஒரு ஜந்து எழுத்தைச் சுமந்துகொண்டு வரும். அதன் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒழிந்தது. இரண்டு வாரத்தில் ஹிராகானா கண்ணுக்குப் பழகிவிட்டது. அப்புறம் பழைய போக்கிமான். வழக்கமான ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. பழைய போக்கிமானில் முழுக்க கானா எழுத்துதான், சொற்களும் பிரிந்தே நிற்கும். பொருளைக் குறிக்கும் சீன வழி எழுத்தான கான்ஜியில் படிக்கும் வசதி 2010இல் வந்த பதிப்பில்தான் சேர்ந்தது. ஆரம்பத்தில் இருப்பவருக்கு அதற்கு முந்தையதே நல்லது.

பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானாவை மெனுவே கற்றுக்கொடுத்தது. 'ஸேபு' என்றால் சேவ், 'ஐதேமு' என்றால் ஐட்டம். ஆங்கிலச் சொல்லை நம் எழுத்தில் எழுதிப் படித்தே பழகிய நமக்கு, இரண்டு தரம் வாய்விட்டுச் சொன்னால் போதும், பிடிபட்டுவிடும்.

ஆனால் 'ஷி'யும் 'ட்சு'வும் என்னைப் பல மாதம் அலைக்கழித்தன. இரண்டிலும் இரண்டு குட்டிக் கோடு, ஒரு நீளக் கோடு. 'ஷி'யில் குட்டிக் கோடுகள் இடது பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும், நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். 'ட்சு'வில் அவை மேலே பக்கம்பக்கமாக நிற்கும், நீளக் கோடு மேலிருந்து இறங்கும். பழைய கேம்களின் புள்ளி எழுத்துருவில் இந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? பேனாவை எடுத்து எழுதிப் பார்த்த அன்றுதான் தீர்ந்தது. 'ப'வுக்கும் 'ba'வுக்கும் நமக்கு ஒரே எழுத்து. அவர்களோ 'ஹ'வின் தலையில் இரண்டு கீற்று போட்டால் ஒன்று, குட்டி வட்டம் போட்டால் இன்னொன்று என்று வைத்திருக்கிறார்கள். சின்னத் திரையில் கீற்றா வட்டமா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும்.

இன்னொரு கோளாறு என்னுடையது. 'ஹாய்' என்றால் ஆம், இரண்டு எழுத்து. 'ஈயே' என்றால் இல்லை, மூன்று எழுத்து. நான் படிக்கவே இல்லை, நீளத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேள்வியையும் படிக்காமல் 'ஹாய்' கொடுத்தேன். 'அழிக்கவா?' என்று கேட்டிருக்கிறது. நாற்பது மணி நேர ஆட்டம் போயிற்று. 'அழி' என்பதற்கான அந்தக் கான்ஜியின் இடது ஓரத்தில் தண்ணீரைக் குறிக்கும் மூன்று துளி இருக்கும். பிறகு அழிப்பானுக்கான சொல்லிலும் தீயணைப்பு வண்டிக்கான சொல்லிலும் அதே எழுத்தைப் பார்த்தபோது, பழைய பகையாளியை வழியில் கண்ட மாதிரி இருந்தது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வரையறுத்த கான்ஜி 2136. கேமை மட்டும் நம்பினால் தாக்கு, தப்பி ஓடு, நெருப்பு, வலிமை என்று சண்டைக்காரன் சொற்களே சேர்கின்றன. வரி, வாடகை எல்லாம் எந்த அரக்கனும் கற்றுத்தர மாட்டான். அதோடு, பார்த்தால் தெரிகிற எழுத்து, எழுதச் சொன்னால் வருவதில்லை. அதற்காக இப்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். கான்ஜியின் மேல் குட்டியாகக் கானாவில் உச்சரிப்பு போடும் கேமாகத் தேடி எடுக்கிறேன், கிடைக்கிற ஒவ்வொரு பொருளின் பெயரையும் கையால் எழுதிய பிறகுதான் அடுத்த அறைக்குப் போகிறேன். ஆட்டம் ஆமை வேகத்தில்தான் நகர்கிறது.