பொம்மைக்கு உடை வடிவமைப்பதா, பொம்மையாகவே நடமாடுவதா?

சிறுமியருக்கான ஃபேஷன் பொம்மை விளையாட்டுகளை ஒப்பிடும்போது, படங்களின் நேர்த்தியைப் பார்ப்பதற்கு முன், விளையாடும் குழந்தையிடம் என்ன வேலை ஒப்படைக்கப்படுகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று கருதுகிறேன்.

அந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது, பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் 1996-இல் கணினிக்காக வெளியிட்ட ‘பார்பி ஃபேஷன் டிசைனர்’. உடையின் வகை, நிறம், துணியின் வடிவம் ஆகியவற்றைக் குழந்தை தேர்ந்தெடுக்க, அதை அணிந்த பார்பி திரையில் மேடைநடை போடுவாள். அதன்பின், காகிதம் ஒட்டப்பட்ட சிறப்புத் துணியை வீட்டு அச்சுப்பொறியில் செலுத்தி, வடிவத்தை அச்சிட்டு, வெட்டி, துண்டுகளை இணைத்துத் தன்னிடமிருக்கும் பொம்மைக்கே அணிவிக்கலாம். கணினியில் தொடங்கிய வேலை கைவேலையாக முடிவது அன்றைக்குப் புதுமை. பெண் குழந்தைகள் கணினி விளையாட்டு வாங்க மாட்டார்கள் என்ற எண்ணம் துறையில் பரவலாக இருந்த காலத்தில், முதல் இரண்டு மாதங்களிலேயே 5 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றதற்கு இந்த வடிவமைப்பே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. தரப்பட்ட வடிவங்களுக்குள்ளேயே தேர்வு செய்ய வேண்டும் என்பதும், எல்லா உடைகளும் ஒரே உடலமைப்புக்கானவை என்பதும் இதன் மறுக்க முடியாத குறைகள்.

பார்பிக்குப் போட்டியாக 2001-இல் அறிமுகமான பிராட்ஸ் பொம்மைகளை வைத்து 2005-இல் வந்த ‘பிராட்ஸ்: ராக் ஏஞ்சல்ஸ்’ வேறு வழியில் செல்கிறது. இங்கே குழந்தை பொம்மைக்கு வெளியே நிற்பதில்லை. க்ளோயி, யாஸ்மின், சாஷா, ஜேட் ஆகிய தோழியராகவே நகரில் நடமாடி, சிறு விளையாட்டுகளில் பணம் ஈட்டி, உடை வாங்கி, சொந்தமாக ஒரு பத்திரிகையை நடத்துகிறது. சுற்றித் திரியும் சுதந்திரமும் தொடர்ந்து செல்லும் கதையும் இதன் பலம். ஆயினும் உடை என்பது இங்கே கடையில் வாங்கும் பொருளாகச் சுருங்கிவிடுகிறது; படைப்பவளாக இருந்தவள் வாடிக்கையாளராகிறாள். கதையை விரும்பும் சற்றே வளர்ந்த சிறுமிக்கு இதுவே பொருத்தம் என்றாலும், கைத்திறனில் ஆர்வமுள்ளவளுக்கு இது ஏமாற்றமளிக்கும்.

பொம்மையே இல்லாத ஒரு போட்டியாளரையும் இங்கே சேர்க்க வேண்டும். விளையாட்டு வடிவமைப்பாளர் பிரெண்டா லாரல் நிறுவிய பர்ப்பிள் மூன் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ‘ராக்கெட்ஸ் நியூ ஸ்கூல்’ விளையாட்டில், புதிய பள்ளியில் சேரும் சிறுமி ஒவ்வொரு சூழலையும் எந்த மனநிலையோடு எதிர்கொள்வாள் என்பதை விளையாடுபவரே தீர்மானிக்க, கதை அதற்கேற்பத் திரும்புகிறது. அலங்காரத்தைக் காட்டிலும் தயக்கம், பொறாமை, நட்பு ஆகியவற்றுக்கு முக்கியத்துவம் தந்த இம்முயற்சி மிகுந்த மதிப்புக்குரியது. ஆனால் வணிகத்தில் நிலைக்க முடியாமல் போன அந்நிறுவனத்தை 1999-இல் மேட்டலே வாங்கிக்கொண்டது.

பட்ஜ் ஸ்டுடியோஸ் 2018-இல் கொண்டுவந்த ‘பார்பி ட்ரீம்ஹவுஸ் அட்வென்ச்சர்ஸ்’ செயலியில் வீட்டை அலங்கரிக்கலாம், சமைக்கலாம், உடை மாற்றலாம். மிகச் சிறிய குழந்தைக்கும் எளிதில் பிடிபடும். ஆனால் இலவசமாகத் தொடங்கினாலும் பல பகுதிகள் கட்டணத்துக்குப் பின்னே பூட்டப்பட்டிருப்பதால், ஆசையோடு தொடும் இடமெல்லாம் பணம் கேட்கும் திரை எழுவது ஐந்து வயதுக் குழந்தைக்கு நியாயமற்றது. இதைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், கருவியைக் குழந்தையிடம் தருவதற்கு முன்பே செயலிக்குள் பணம் செலுத்தும் வசதியைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட வேண்டும்.