வார்டு மருந்து ஸ்கேனர்: நைட் டியூட்டியிலிருந்து ஒரு மதிப்புரை

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் வாங்கி மாட்டியதும் மருந்துத் தவறுகள் தானாகக் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் இந்தக் கருவியை ஒரு நைட் ஷிப்டிலாவது கையில் பிடித்துப் பார்த்திருக்கமாட்டார். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகையில் எதை வாங்கினாலும் நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் பொருந்தும்.

பார்ப்பதற்குக் கொஞ்சம் தடிமனான போன். நோயாளியின் கைப்பட்டையை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்கு அவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்துகள் திரையில் வரும். அப்புறம் மருந்தின் லேபிளை ஸ்கேன் செய்தால், டாக்டர் போட்ட ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை காட்டும் அல்லது சிவப்பு காட்டும். கொடுத்து முடித்ததும் யார், எதை, எப்போது கொடுத்தார் என்பது தானாகவே பதிவாகிவிடும். கேஸ் ஷீட்டில் தனியாக எழுதும் வேலை மிச்சம். நர்சிங் படித்த எல்லோருக்கும் மனப்பாடமான ஐந்து விஷயங்கள் உண்டு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். விற்க வந்தவர் ஐந்தையும் இது பார்த்துக்கொள்ளும் என்றார். என் கணக்கில் மூன்றரை.

இந்த யோசனை ஒரு நர்சிடமிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த சங்கதி. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் டொபீகாவில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர் சூ கின்னிக். வாடகைக் காரைத் திருப்பி விடும் இடத்தில், ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியால் காரில் இருந்த பார்கோடைப் படித்துக் கணக்கை முடித்ததைப் பார்த்திருக்கிறார். காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். இது 1990-களின் தொடக்கத்தில். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகளுக்கு இந்த முறை பரவத் தொடங்கிவிட்டது. மருந்துகளில் பார்கோடு இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதி போட்டது 2004-ல்தான்.

சரி, வார்டுக்கு வருவோம்.

இது தன் விலைக்கு நியாயம் செய்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பார்மசியிலிருந்து வந்த ட்ரேயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் வயல், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பி. ஆர்டரில் இருந்தது மில்லிக்கு 1000 யூனிட் உள்ள வகை. ட்ரேயில் இருந்தது மில்லிக்கு 5000 யூனிட். இரண்டும் ஒரே தயாரிப்பாளருடையது, ஒரே உயரம், ஒரே மாதிரி லேபிள். எண் மட்டும் வேறு, அதுவும் நகத்தளவு எழுத்தில். தலைமாட்டு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு கைப்பட்டையை ஸ்கேன் செய்து, வயலை ஸ்கேன் செய்ததும் திரை சிவந்தது. கருவி கையில் இரண்டு முறை அதிர்ந்தது. 'ஆர்டர் செய்த செறிவு அல்ல' என்று ஒரே வரி. காரணம் சொல்லாமல் அந்த வரியைத் தாண்டி மேலே போக முடியாது. போனைப் போட்டு வயலை மாற்றிக்கொடுக்கச் சொன்னேன், வந்தது, கொடுத்தேன், இன்சார்ஜ் சிஸ்டர் நூலிழையில் தப்பிய சம்பவம் என்று பதிவு செய்தார். ஐந்து மடங்கு ஹெப்பாரின் என்றால் ரத்தப்போக்கு. நோயாளி கடைசிவரை கண் விழிக்கவே இல்லை.

ஒரு வார்டின் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆராய்ச்சி இருக்கிறது. பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில், நர்சுகள் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். நேரம் தப்பியதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஸ்கேனரைப் பயன்படுத்தியபோது தவறுகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. ஆர்டரைப் பார்த்து எடுத்தெழுதும்போது வரும் தவறு 6.1 சதவீதம் இருந்தது. அது ஒன்றுகூட இல்லாமல் போனது. இரண்டாவதை நான் பெரிதாக நினைக்கிறேன். டாக்டர்களின் கையெழுத்தைக் கூட்டம் கூடிப் படித்த தலைமுறைக்கு அதன் அருமை புரியும். ஆனால் முதல் எண்ணையும் கவனியுங்கள். 6.8 இன்னும் மிச்சமிருக்கிறது.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனால் பதில் கிடைக்கும்.

முதலில் கைப்பட்டை. நீளக் கோடு கோடாக இருக்கும் பழைய பார்கோடு, ஒல்லியான மணிக்கட்டைச் சுற்றி வளைந்துபோனால் படிக்கவே படிக்காது. குழந்தைகள் வார்டில் கேட்கவே வேண்டாம். க்யூஆர் மாதிரி சதுரமாக இருக்கும் 2டி பார்கோடு எவ்வளவோ தேவலை; சின்ன இடத்தில் அடங்கும், கொஞ்சம் அழிந்தாலும் படிக்கும். இன்னொன்று, வெப்பத்தால் அச்சாகும் மலிவு வகைப் பட்டையில் ஆல்கஹால் சானிடைசர் பட்டால் எழுத்து மங்கிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் சானிடைசர் ஈரத்தோடு அந்தக் கையைத் தொடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கையும் போர்வைக்குள் இருக்கும், தலையணைக்கு அடியில் இருக்கும், தூங்குகிறவர் உடம்புக்கு அடியிலும் இருக்கும். ஐவி லைன் அதே கையில் என்றால் பிளாஸ்டர் பட்டையை மூடியிருக்கும்.

அடுத்தது டிரிப் பை. கண்ணாடி போன்ற பையில் கறுப்பு மையில் பார்கோடு. பின்னால் திரவம் ஆடும், அதற்குப் பின்னால் கம்பி, ஜன்னல், விளக்கு. ஸ்கேனர் திணறும். வெள்ளைத் துணியையோ காகிதத்தையோ பைக்குப் பின்னால் வைத்துப் பிடித்தால் உடனே படித்துவிடும். பயிற்சிக் கையேட்டில் இது இல்லை. எங்கள் வார்டில் ஒரு ஜூனியர் கண்டுபிடித்தது.

மாத்திரை ஸ்டிரிப்பில் வேறு தலைவலி. பல ஸ்டிரிப்புகளில் பார்கோடு ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும். நான்கு மாத்திரை வெட்டி அனுப்பினால் பெயரே இல்லாத நான்கு வெள்ளை வட்டங்கள்தான் கைக்கு வரும். ஒவ்வொரு மாத்திரைக்கும் தனியாகக் கோடு ஒட்டி அனுப்பும் வேலையைப் பார்மசி ஏற்றுக்கொள்ளாவிட்டால் இந்தக் கருவியை வாங்குவதில் பாதிப் பயன்தான். இதைத் தடித்த எழுத்தில் போட முடிந்தால் போட்டிருப்பேன். ஸ்கேனர் வாங்குவதாக நினைத்துக்கொண்டு நிர்வாகம் உண்மையில் வாங்குவது பார்மசிக்கு ஒரு புதிய வேலையை.

சத்தம், வெளிச்சம், எடை: குறை சொல்ல ஒன்றுமில்லை. பீப்பை அணைத்து அதிர்வு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதை நிறுவின அன்றைக்கே செய்துவிடுங்கள். பேட்டரி ஷிப்ட் முடியும்வரை தாங்குகிறது என்று சொல்ல ஆசை, தாங்குவதில்லை. வைஃபை, மூலைப் படுக்கையில் அறுந்துபோகிறது. அங்கே போய் ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நோயாளி நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவை ஒவ்வொன்றும் சின்ன எரிச்சல்தான். எல்லாம் சேர்ந்தால் ஸ்கேன் படுக்கையை விட்டு நகர ஆரம்பிக்கும். படிக்காத கைப்பட்டைக்கு மாற்றாக ஒரு நகல் எடுத்து ட்ராலியில் ஒட்டிவைப்பது, மூலைப் படுக்கைக்கு உரியதை சிக்னல் கிடைக்கும் நர்சிங் ஸ்டேஷனிலேயே ஸ்கேன் செய்துவிட்டுப் போவது, நான்கு பேருக்கு உரியதை ஒரே இடத்தில் நின்று முடித்துக்கொள்வது. கணினியில் எல்லாம் பச்சை. ஆனால் யார் வாயில் எந்த மாத்திரை போனது என்பதற்கு அந்தப் பச்சை சாட்சி இல்லை. நகல் பட்டையை ஸ்கேன் செய்த வார்டை விட ஸ்கேனரே இல்லாத வார்டு எனக்குத் தேவலை; அங்கே குறைந்தபட்சம் பெயரைக் கேட்பார்கள்.

இது எங்கள் வார்டின் தனிக் குணமும் இல்லை. 2008-ல் ராஸ் காப்பெல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஐந்து மருத்துவமனைகளில் பார்த்து, இப்படிச் சுற்றிப்போகும் வழிகள் 15 வகை என்றும், அதற்கான காரணங்கள் 31 வகை என்றும் எழுதினார்கள். பதிவான மருந்துகளில் 10.3 சதவீதத்துக்கு நர்சுகள் எச்சரிக்கையைத் தாண்டிப் போயிருந்தார்கள். காரணங்களின் பட்டியலைப் படித்தால் சொந்த வார்டைப் பார்ப்பதுபோல இருக்கும்: சுருங்கிப்போன பட்டை, கோடில்லாத மருந்து, செத்த பேட்டரி, அறுந்த சிக்னல். சோம்பேறித்தனம் என்று மேலிடம் பேசுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கலாம்.

எச்சரிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாராசிட்டமாலை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்தால் ஒரு எச்சரிக்கை. வைட்டமின் தாமதமானால் ஒன்று. இரண்டும் வருவது ஹெப்பாரினுக்கு வந்த அதே சிவப்பில், அதே அதிர்வில். எல்லாவற்றுக்கும் கத்தினால் கை தானாகவே 'தொடர்க' பொத்தானுக்குப் போகப் பழகிவிடும். தாண்டிப் போகும்போது காரணம் கேட்கும். பட்டியலில் முதலாவதாக இருக்கும் காரணத்தைத்தான் எல்லோரும் தட்டுவார்கள். எங்களுடையதில் அது 'பார்கோடு சேதம்'. மாத அறிக்கையைப் படிப்பவர் இந்த வார்டில் எலித் தொல்லை என்றுதான் நினைப்பார். நல்ல செய்தி, எதற்குச் சிவப்பு, எதற்கு வெறும் மஞ்சள் என்பதை மாற்றி அமைக்க முடியும். கெட்ட செய்தி, அதை மாற்றும் அனுமதி கணினிப் பிரிவிடம் இருக்கிறது, அவர்கள் யாரும் ராத்திரி ரவுண்டு வருவதில்லை.

இப்போது அந்த மூன்றரைக் கணக்கு. நோயாளி, மருந்து, நேரம் மூன்றையும் நன்றாகவே பார்க்கிறது. அளவில் பாதி. பொதியிலேயே ஒரு வேளைக்கு உரிய அளவு இருந்தால் சரிபார்க்கும். இன்சுலின் வயலை ஸ்கேன் செய்தால் சரியான இன்சுலினா என்று மட்டும்தான் தெரியும். சிரிஞ்சில் நான் 6 யூனிட் எடுத்தேனா 60 எடுத்தேனா என்று அதற்குத் தெரியாது. நான் தட்டச்சு செய்த எண்ணை நம்பிக்கொள்ளும். ஆகவே இன்சுலினுக்கு இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுச் சிரிஞ்சைக் காட்டும் பழைய பழக்கத்தை நாங்கள் விடவில்லை. வழி என்பதற்கு மதிப்பெண் பூஜ்யம். சிரையில் போக வேண்டியதை முதுகுத்தண்டு லைனில் போட்டால் இது தடுக்காது. அதற்கு உருப்படியான தீர்வு திரையில் இல்லை, பிளாஸ்டிக்கில் இருக்கிறது: ஐஎஸ்ஓ 80369 என்ற சர்வதேசத் தரப்படி ஒவ்வொரு வழிக்கும் வெவ்வேறு வடிவ இணைப்பு, தப்பான இடத்தில் மாட்டவே மாட்டாது. பேட்டரியும் வேண்டாம்.

கருவி எந்த இடத்தில் இல்லை என்பதும் முக்கியம். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்தது உலகம் முழுக்க நர்சுகள் பேசிய விஷயம். உடலைப் படமெடுக்கும் ஸ்கேனுக்கு முன்னால் பதற்றத்தைக் குறைக்கும் மருந்து எடுக்கப் போன நர்ஸ், மருந்து அலமாரியின் கணினியில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். அதே எழுத்துகளில் தொடங்கும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியம் வந்தது. எச்சரிக்கையைத் தாண்டி எடுத்துக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்தார், 2022-ல் அந்த நர்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. மருந்து கொடுத்த அந்த ஸ்கேன் பகுதியில் பார்கோடு ஸ்கேனர் இருக்கவில்லை. வார்டுக்கு மட்டும் வாங்கிவிட்டு எக்ஸ்ரே, ஸ்கேன், டயாலிசிஸ் பகுதிகளை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்து ஏஐ வரும் என்கிறார்கள். சிரித்துவிட்டு நகர இருந்தேன், ஆனால் ஒன்று கவனத்தை ஈர்த்தது. 2024-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, தலையில் மாட்டிய கேமரா வழியாகச் சிரிஞ்சையும் வயலையும் பார்த்து, மாறிப்போன மருந்தைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டது. மருந்தை எடுப்பவரும் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் மயக்க மருந்துப் பிரிவில் இதற்கு வேலை இருக்கிறது. தனியாக ஒரு ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. செய்ய வேண்டியது இல்லையென்றால் சுற்றிப்போகவும் ஒன்றும் இல்லை. நோயாளிகள் முன்னால் கேமராவோடு நிற்பதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது வேறு விவகாரம்.

நோயாளிகளைப் பற்றி நான் எதிர்பார்க்காத ஒன்று: அவர்களுக்கு இது பிடித்திருக்கிறது. சாமான் மாதிரி ஸ்கேன் செய்கிறீர்களே என்று கோபித்தவர்கள் உண்டு. ஆனால் கொஞ்ச நாள் தங்கியவர்கள், நாம் வந்ததும் அவர்களாகவே கையை நீட்டுகிறார்கள். "சிஸ்டர், இன்னைக்கு ஸ்கேன் பண்ணலையா?" என்று ஒரு பெரியவர் ஒருமுறை கேட்டார். டாக்டரே நேரில் வந்து கொடுத்த மாத்திரை அது. டாக்டர் கருவியை வாங்கி ஸ்கேன் செய்தார்.

வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு: டெமோவை மீட்டிங் ஹாலில் பார்க்காதீர்கள். அங்கே மேசை மேல் தட்டையான காகிதத்தில் அச்சடித்த கோடு, உச்சியில் வெளிச்சம். எல்லாக் கருவியும் ஜோராகப் படிக்கும். விளக்கணைத்த வார்டுக்கு வரச்சொல்லுங்கள். பாதி காலியான டிரிப் பை, சானிடைசர் பட்ட பட்டை, வெட்டிய ஸ்டிரிப் மூன்றையும் கொடுத்து, சிக்னல் இல்லாத மூலையில் நின்று செய்யச் சொல்லுங்கள். ஸ்பேர் பேட்டரியும் கைப்பட்டை பிரிண்டரும் விலைப்பட்டியலில் வார்டு கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்களுடையதில் இல்லை. மங்கிய பட்டையை மாற்ற வேண்டுமென்றால் பிரிண்டருக்காகப் பக்கத்து வார்டுக்குத்தான் போக வேண்டும்.