பேட்டரி உள்ள டாக்-ஆம்ப்பா, போனில் செருகும் டாங்கிளா? இரண்டுமே டிஜிட்டல் இசையை ஒலி சிக்னலாக மாற்றி, பெருக்கி, ஹெட்போனுக்குத் தருபவை. டாங்கிள் என்பது செருகிய போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் குட்டிக் கருவி.

விலை: டாங்கிள் பொதுவாக மலிவு.

சக்தி: யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். இயர்போனுக்குத் தாராளம். 300 ஓம், அதாவது மின்தடை அதிகமான ஹெட்போன் என்றால் பெரும்பாலும் பேட்டரி ஆம்ப்தான் சரி.

சார்ஜ்: டாங்கிளுக்குத் தனி சார்ஜ் வேண்டாம், ஆனால் போன் பேட்டரியைக் குடிக்கும். ஒரே போர்ட் என்பதால் கேட்டுக்கொண்டே போனுக்கு வயரில் சார்ஜ் போடவும் பொதுவாக முடியாது. பேட்டரி ஆம்ப்பை சார்ஜரில் போட்டபடி கேட்டால், சிலவற்றில் மெல்லிய இரைச்சல் வரும். சார்ஜர் வயரைக் கழற்றினால் நின்றுவிடும்.

ஆயுள்: லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜ் சுழற்சிகளில் தளரும். எப்போதும் 100 சதவீதத்திலேயே செருகி வைத்தால் இன்னும் சீக்கிரம். டாங்கிளில் அந்தத் தொல்லை இல்லை, வயர் முறியாதவரை.

பயணம், இயர்போன் என்றால் டாங்கிள். பெரிய ஹெட்போன், நீண்ட நேரம் என்றால் பேட்டரி ஆம்ப். மேசையிலேயே கேட்பவரா? லேப்டாப்பில் டாங்கிளைச் செருகுங்கள், போதும்.