தொடை வரை வரும் கம்ப்ரஷன் சாக்ஸ்: பாளையங்கோட்டையில் வாங்கியது

அம்மாவுக்கு உள்ளங்காலில் மெலனோமா, தோல் புற்றுநோய். கட்டியோடு தொடை இடுக்கில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். வடிய வழியில்லாத நீர் காலில்தானே தேங்கும், சில மாதத்தில் தொடையிலிருந்து பாதம் வரை வீங்கிவிட்டது. தெருவில் எல்லாரும் யானைக்கால் என்றே முடிவு கட்டிவிட்டார்கள், கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டர் எழுதியது தொடை வரை வருகிற கிளாஸ் 2 சாக்ஸ், 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம். முதலில் போன ஒரு சர்ஜிக்கல் கடையில் (பேர் வேண்டாம்) சீட்டைக்கூடப் பார்க்காமல் முழங்காலோடு நிற்கிற வெரிகோஸ் (நரம்புச் சுருட்டல்) சாக்ஸை எடுத்துப் போட்டு, "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார். எப்படி ஒன்றாகும்? தொடையே வீங்கியிருக்கும்போது முழங்காலுக்குக் கீழே மட்டும் இறுக்கி என்ன பிரயோஜனம்?

பாளையங்கோட்டைக் கடைக்குச் சாயங்காலம் போனோம். அங்கிருந்த பெண் டேப்பைத் தொடவே இல்லை. "ஆச்சி, நாளைக்குக் காலைல எந்திரிச்சதும் வாங்க, இப்ப அளந்தா வீக்கத்தையும் சேத்து அளந்தமாதிரி ஆயிரும்." மறுநாள் கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று இடம் இடமாகச் சுற்றளவு எடுத்து, அளவுக்குப் பின்ன அனுப்பினார். ஒரு காலுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்கள், ஜோடியாகத் தலையில் கட்டவில்லை. விலை சில ஆயிரம், வலிக்கத்தான் செய்கிறது.

வந்த சாக்ஸ் துணி தடிமன், பின்பக்கம் தையல் ஓடும். முன்பெல்லாம் சாயங்காலமானால் செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும், இப்போது லேசான தடம்தான். ஆனால் நம்மூர் வெயிலில் மேல் விளிம்பு சிலிக்கான் பட்டை அரிக்கிறது. படுக்கையை விட்டு இறங்குமுன்னே மாட்ட வேண்டும், பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கிறது. கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள், அப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஆறு மாதம்போல ஆனால் இழுவை போய்விடும், புதுசு வாங்கத்தான் வேண்டும். அப்புறம், கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அது கிருமித்தொற்று, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதற்குப் பயந்தே தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் வெறுங்காலோடு இறங்குவதை அம்மா விட்டுவிட்டாள்.

சாக்ஸுக்கு நாலு நட்சத்திரம். அளவெடுத்த பெண்ணுக்கு அஞ்சு. கடைக்கு மூணுதான், கால் வீங்கினவர்கள் வருகிற கடையை லிஃப்ட் இல்லாத மாடியில் வைத்தது யார் யோசனையோ.