ரோபோவா, வீட்டுக்கு வரும் ஃபிசியோவா: அப்பாவோடு ஒன்றரை வருடம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இடது கை, இடது கால். ரோபோ பயிற்சி, சாதாரண ஃபிசியோ இரண்டுக்கும் காசு கட்டிப் பார்த்தாகிவிட்டது.

முதல் மாதம் லோகோமேட் என்ற நடை ரோபோ, சுவிட்சர்லாந்து இயந்திரம். இடுப்பில் பெல்ட் கட்டி மேலிருந்து தூக்கிப் பிடித்து, இரண்டு காலிலும் சட்டம் மாட்டி டிரெட்மில்லில் நடக்க வைக்கும். மாட்டிக் கழற்றவே நேரம் போய்விடும், ஆனால் இரண்டு பேர் தாங்கினாலும் நிற்காதவர் அதில் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கில் அடி வைத்தார். கையால் அப்படி நடத்த வேண்டுமென்றால் ஃபிசியோவின் முதுகு என்னத்துக்கு ஆகும்? அன்றைக்கு அம்மா அழுதேவிட்டார்.

மூன்றாவது வாரம்தான் விஷயம் புரிந்தது. அப்பா சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறார், நடப்பது இயந்திரம்! அங்கிருந்த ஃபிசியோ பெண் அதைக் கண்டுபிடித்து, உதவியின் அளவைக் குறைத்துவிட்டு, "இப்ப நீங்க நடங்க சார்" என்றார். ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. அப்புறம் இந்த பேக்கேஜ் தொல்லை: 20 அமர்வுக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள், நடுவில் காய்ச்சலில் போகாத நாட்களுக்குப் பணம் திரும்பவில்லை. தவணையாகக் கட்டுங்கள்.

டிரெட்மில்லில் படி கிடையாது. எங்கள் பாத்ரூமில் உண்டு, நாலு விரல் உயரம்தான், அதைத் தாண்ட அப்பாவுக்கு ஒரு மாதம் பிடித்தது. வீட்டுக்கு வரும் ஃபிசியோ தம்பி கட்டிலிலிருந்து எழுவது, திரும்புவது, அந்தப் படியில் ஏறி இறங்குவது என்று இதையேதான் தினமும் செய்ய வைத்தார். எழுப்பும்போது இடது கையைப் பிடித்து இழுத்தால் தோள் இறங்கிவிடும் என்று அம்மாவுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ரோபோ சென்டருக்கு அத்தனை நாள் போனோம், ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

கைக்கான ரோபோவில் நான் காசு போட மாட்டேன். திரையில் விளையாட்டு, மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிரிட்டனில் 770 பேரை வைத்து நடத்தி 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்விலும், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோவால் கையின் செயல்பாடு கூடவில்லை என்றுதான் வந்தது. கால் கதை வேறு. ஃபிசியோவோடு சேர்த்துச் செய்தால், பக்கவாதம் வந்த முதல் 3 மாதங்களில், தானாக நடக்க முடியாதவர்களுக்குப் பலன் இருக்கிறது. அப்பா அந்த ரகம், அதனால் கட்டிய காசு வீணில்லை. ஆனால் கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய பிறகும் இரண்டு மாதம் போய்க்கொண்டிருந்தோம் பாருங்கள், அது வீண். அந்தக் காசுக்கு தம்பியைக் காலையும் மாலையும் வரச் சொல்லியிருக்கலாம்.

கை இன்னும் பாக்கி. வேட்டியை அம்மாதான் கட்டிவிடுகிறார். முன்பு கட்டிலில் புரட்டிப் புரட்டிக் கட்ட வேண்டும், இப்போது அப்பா சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று சண்டை போடுகிறார்.