80-உம் தப்பு, 35-உம் தப்பு: பிக்அப்புக்கு எல்டி (லைட் டிரக்) டயர் போடுகிறவர்கள் கவனிக்கவும்

ஒரே கடை, ஒரே வண்டி, ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை தவறான காற்றழுத்தம். இரண்டு முறையும் கடைக்காரர் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. நம்பி ஓட்டுகிறவர்கள் ஏமாறுவது அதனால்தான்.

வண்டியோடு வந்த டயர் 265/70 ஆர்17, சுமைக் குறியீடு (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண்) 115, சாதாரணப் பயணிகள் வகை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஸ்டிக்கரில் நான்கு சக்கரத்துக்கும் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ என்று இருந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு, அதே அளவில் எல்டி வகை, லோடு ரேஞ்ச் ஈ (அதிகச் சுமைக்கான தரம்) ஆல்-டெரெய்ன் டயர்களை, அதாவது தார், மண் இரண்டுக்குமான டயர்களைப் போட்டார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நான்கிலும் 80 பிஎஸ்ஐ. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, டயரின் பக்கச் சுவரில் அச்சாகியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்கள். "கம்பெனியே 80-னு போட்டிருக்கு சார்."

அந்த வரியை முழுதாகப் படிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் 80 பிஎஸ்ஐ இருந்தால் இந்த டயர் அதிகபட்சம் 1450 கிலோ தாங்கும் என்பதுதான் அங்கே எழுதியிருப்பது. நான்கு டயருக்கும் சேர்த்தால் 5800 கிலோ. சரக்கு ஏற்றாத பிக்அப்பின் எடை அதில் பாதிகூட வராது. இவ்வளவு இறுக்கிவிட்டால் ட்ரெட்டின் (சாலையில் பதியும் ரப்பர் பரப்பின்) நடுப்பட்டைதான் தரையைத் தொடும், இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அலை அலையான மண் சாலையில் சரக்குத் தொட்டி காலியாக இருக்கும் வண்டியின் பின்பக்கம் துள்ளித் துள்ளி விலகும். கூரான கல்லில் ஏறும்போது தளர்வான டயர் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும். இறுகிய டயரால் அது முடியாது, கல் உள்ளே இறங்கிவிடும். ஆல்-டெரெய்ன் டயர் வாங்கியதன் பயனே இதில் போய்விடுகிறது.

இதில் இன்னொரு கோளாறும் உண்டு. கார்களில் இழுத்து மாட்டும் சாதாரண ரப்பர் வால்வ், டிஆர்413 வகை, 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். பழைய ரிம்மில் அதே வகை வால்வையே விட்டுவிட்டு 80 ஏற்றியிருந்தார்கள். உங்கள் சுமைக்கு 65-க்கு மேல் தேவையென்றால் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ போட வேண்டும். ரிம்மும் அந்த அழுத்தத்துக்கு உரியதா என்று பார்க்க வேண்டும்.

வண்டி உதறுகிறது என்று திரும்பப் போனபோது கிடைத்த பதில்: "அப்போ கதவுல இருக்கிற 35-ஐயே வச்சுக்கலாம்." இறக்கினார்கள். ஓட்டம் மெத்தென்று ஆனது, புகார் தீர்ந்தது. இரண்டில் ஆபத்தான தவறு இதுதான். ஏனென்றால் இது உடம்புக்குத் தெரியாது.

கதவு ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. அந்த எண் வண்டியோடு வந்த டயர் வகைக்கு மட்டும் உரியது. 115 குறியீட்டுப் பயணிகள் வகை டயர் 35 பிஎஸ்ஐயில் 1215 கிலோ தாங்கும். பிக்அப்பில் பயன்படுத்தும்போது அதை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கில் கொள்வார்கள், ஆக சுமார் 1104 கிலோ. எல்டி டயர் கனமானது, அடுக்கு அதிகம். ஆனால் அதே அழுத்தத்தில் அது தாங்குவது குறைவு. இந்த அளவு எல்டி டயர் 50 பிஎஸ்ஐயில் தாங்குவது 1120 கிலோ, 35-இல் 900 கிலோவுக்கும் கீழே. பழைய டயர் 35-இல் தந்த தாங்குதிறனைப் புதிய டயரிடம் பெற ஏறக்குறைய 50 வேண்டும். தடித்த டயர்தானே, காற்று குறைந்தாலும் தாங்கும் என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் அடுக்குகளும் அந்தக் காற்றை அடக்கி வைக்கும் பாத்திரம்தான்.

தொட்டியில் சரக்கேற்றிப் பின் அச்சில் 1900 கிலோ வந்தால், ஒரு டயருக்கு 950. 35 பிஎஸ்ஐயில் அது அளவுக்கு மீறிய சுமை. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், அந்த மடிப்பில் சூடு ஏறும், வேகத்தில் இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில் எஃகுப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு விட்டு ட்ரெட் உரிந்து போகும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதே ட்ரெட் பிரிந்து நடந்த விபத்துகளால்தான். அவற்றில் வைல்டர்னஸ் ஏடி டயர்களும் இருந்தன. அந்த டயர்கள் பொருத்தி வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிக்குப் பரிந்துரைத்திருந்த 26 பிஎஸ்ஐ போதுமா என்பது அந்த விவகாரத்தில் பெரிய சர்ச்சை.

டேஷ்போர்டில் உள்ள டயர் அழுத்த விளக்கு எச்சரிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அந்த விளக்கு பொதுவாக ஸ்டிக்கர் எண்ணிலிருந்து கால்வாசி குறைந்தால் எரியும்படி அமைந்தது. ஸ்டிக்கர் 35 என்றால் அது 26 வாக்கில்தான் எரியும். 50 தேவைப்படும் டயர் பாதியாக இறங்கும்வரை திரை அமைதியாகவே இருக்கும். டயர் வகையை மாற்றியவர்கள் அந்த எல்லையை மாற்றியமைக்க முடியுமா என்று கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். முடியாவிட்டால் அழுத்தம் அளக்கும் நல்ல கேஜ் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பில்லில் நைட்ரஜனுக்குத் தனித் தொகை வேறு. "இனி அழுத்தம் பார்க்கவே தேவையில்லை" என்று சொல்லி விற்றார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு ஏறுவதும் குளிருக்கு இறங்குவதும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. கசிவு கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை கேஜ் வைத்துத்தான் ஆக வேண்டும்.

சரியான எண்ணைப் பிடிக்க, முதலில் புதிய டயர் எந்த வகை என்று பக்கச் சுவரில் பாருங்கள். அளவுக்கு முன்னால் எல்டி என்று இல்லாமல், பழைய டயரின் வகையும் அளவும் சுமைக் குறியீடும் அப்படியே இருந்தால் ஸ்டிக்கர் எண்ணே போதும், குழப்பமில்லை. எல்டி என்றால் டயர் நிறுவனத்தின் சுமை-அழுத்த அட்டவணையை எடுத்து, பழைய டயரின் தாங்குதிறனுக்குச் சமமான அழுத்தத்தைத் தேடுங்கள். அதுதான் அடிப்படை. கனமான சரக்கோ டிரெய்லரோ இழுப்பவர்கள் முழுச் சுமையோடு எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு, ஒரு டயருக்கான சுமையை அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு எண் வந்தால், டயர்களை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் மாற்றி வைக்க மறந்துவிடாதீர்கள்.

அளப்பது காலையில், வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். ஓடி வந்த டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதற்காகக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

கடைசிச் சரிபார்ப்புக்கு ஒரு சாக்பீஸ் போதும். ட்ரெட்டின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம்வரை தடித்த கோடு போட்டு, சமதளத்தில் நேராக நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்து ஓரங்களில் வெள்ளை நின்றால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடு நின்றால் குறைவு. ஆனால் காலி வண்டியில் இந்தக் கோட்டைப் பார்த்து அட்டவணை எண்ணுக்குக் கீழே இறங்கிவிட வேண்டாம், நாளை சரக்கேற்றப் போவது அதே டயரில்தான்.

மணலுக்கு 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், மெதுவாகவே ஓட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். தார்ச்சாலை ஏறும் முன்பே கம்ப்ரஸரை எடுங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: டயரின் வகை, முன் அழுத்தம், பின் அழுத்தம், எந்த அட்டவணையிலிருந்து எடுத்தது, இவ்வளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காற்றை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.