ஜீன் ஹார்லோ கையெழுத்திட்ட படம் என்று விற்கிறார்கள்: வாங்குமுன் கவனிக்கவும்

பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் கையொப்பமிட்ட உருவப்படங்களைச் சேகரிப்பவர்கள், இணைய விற்பனையாளர் ஒருவரிடம் எனக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது. ஹாலிவுட் நட்சத்திரங்களைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் ஜார்ஜ் ஹரெல் எடுத்த, நடிகை ஜீன் ஹார்லோவின் படம், 1930களிலேயே அச்சான வெள்ளி ஜெலட்டின் பிரதி (வெள்ளி உப்பு கலந்த பூச்சுள்ள தாளில் அச்சான கறுப்பு-வெள்ளைப் படம்), ஹார்லோவே மையால் கையெழுத்திட்டது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். படத்துடன் சான்றிதழும் வந்தது.

விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியில் வைத்ததும், படத்தின் வெள்ளை ஓரம் நீலம் பாரித்துப் பளீரென்று ஒளிர்ந்தது. புகைப்படத் தாளில், இப்படிப் புற ஊதா ஒளியில் ஒளிரும் வெண்மையூட்டும் வேதிப்பொருளைச் சேர்க்கும் வழக்கம் 1950களில்தான் பரவியது. ஹார்லோ இறந்ததோ 1937இல். தாம் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் தயாரான தாளில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார்! பேனா மை தாளின் மேல் தனியே படிந்திருக்குமாதலால், சாய்த்துப் பிடித்தால் அதன் மினுக்கம் வேறுபட்டுத் தெரிய வேண்டும். இதிலோ உருப்பெருக்கியில் பார்த்தபோதும் கையெழுத்தும் கன்னத்து நிழலும் ஒரே பரப்பாகவே இருந்தன. கையெழுத்துள்ள ஏதோ ஒரு படத்தை மீண்டும் படம்பிடித்து அச்சிட்டிருக்கிறார்கள். அந்த மூலப் படத்தில்கூட எழுதியவர் ஹார்லோதானா என்பது ஐயமே. ரசிகர்களுக்குப் போன படங்கள் பலவற்றில் அவருடைய தாயாரே மகளின் பெயரை எழுதியனுப்பினார் என்பது இத்துறையில் ஊரறிந்த செய்தி.

விற்பனையாளரிடம் முறையிட்டபோது, சான்றிதழ் இருக்கிறதே என்று பதில் வந்தது. அதை வழங்கியவரும் அவரேதான். யார், எப்படிச் சோதித்தார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த மடலில், "கையொப்பத்துடன் கூடிய படம் என்றுதானே சொன்னோம்" என்று பேச்சை மாற்றினார். விளம்பர வாசகமும் அதற்கேற்ப மாறிவிட்டது. பழைய வாசகத்தைப் படமெடுத்து வைத்திருந்ததால் கடன் அட்டை நிறுவனத்திடம் புகார் அளிக்க முடிந்தது; பணம் இன்னும் திரும்பவில்லை.

அவருடைய பட்டியலில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஹரெல் 1980களில் தம் பழைய நெகட்டிவ்களிலிருந்து புதிதாக அச்சிட்டு, எண்ணிட்டு, தாமே கையெழுத்திட்டு வெளியிட்ட பிரதிகள் இருக்கின்றன. அவை நேர்மையான சரக்கு. ஆனால் 1930களின் பிரதிகளும் அல்ல, நடிகரின் கையெழுத்தும் அல்ல. இவரோ எல்லாவற்றையும் 'கையொப்பமிட்ட அசல்' என்ற ஒரே தலைப்பில் கலந்து வைத்திருக்கிறார். ஆகவே கையெழுத்து யாருடையது, தாள் எந்தக் காலத்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படத்தின் பின்புறத்தையும், சாய்ந்த ஒளியில் கையெழுத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவரிடம் அப்படிக் கேட்ட வேறொரு சேகரிப்பாளருக்கு, அதே சான்றிதழின் நகல்தான் வந்திருக்கிறது.